பத்தடி தூரத்துத் தபால்

மாபெரும் அறிவிப்பு!

உலக சமாதானம் வருகிற வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குச் சந்தைத் திடலில் ஆரம்பமாகும். பொதுமக்கள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து அமைதி காக்கவும். முன்வரிசை நாற்காலிகள் முக்கியமானவர்களுக்கு மட்டும். சைக்கிள் நிறுத்த இடம் உண்டு.

இப்படிக்கு,
உலக சமாதான விழாக் குழு.

இந்த அறிவிப்பை ஊரில் சுவர் என்று சொல்லத்தக்க எல்லாவற்றின் மீதும் ஒட்டியிருந்தார்கள். தையல் கடைக் கதவிலும் ஒன்று ஒட்டியிருந்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான், செவ்வாய்க்கிழமை காலை, ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“நான் சொல்லி அனுப்பினேன்!”

“அனுப்பவே இல்லை! பொய் சொல்றே!”

“யாரு, நானா பொய்யன்? நீதான் பொய்யன்!”

சண்டை எதைப் பற்றி என்றால், சமாதானக் கொடியைப் பற்றி.

முதலில் கடையைச் சுற்றிப் பார்த்துவிடலாம். சண்டை எங்கேயும் ஓடிப்போகாது. மூன்று நாள் அங்கேயேதான் இருக்கப் போகிறது.

ஒரே அறை. ஒரே வாசல். நடுவில் பத்தடி நீளத்தில் ஒரு மேசை. அதன் ஒரு முனையில் அண்ணன் துணி வெட்டித் தைப்பார். மறுமுனையில் தம்பி கம்பளி விரித்து இஸ்திரி போடுவார். ஒரு சட்டை சட்டையாவதற்குள் மேசையின் மேல் நாலைந்து தடவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வழுக்கிக்கொண்டு போய்வரும். தைத்ததைத் தேய்க்க வேண்டும், தேய்த்ததை மறுபடி தைக்க வேண்டும், அதை மறுபடி தேய்க்க வேண்டும். வேலையே அப்படித்தான்.

மேசைக்கு அடியில் இன்னொரு வீடு இருந்தது. வெட்டுத் துணி அடைத்த இரண்டு தலையணைகள், அட்டை கிழிந்த மூன்று புத்தகங்கள், பொத்தான்கள் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பா. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணனுடைய மகள், வயது பத்து. இன்னொருவர் தம்பியுடைய மகன், வயது எட்டு.

பையனுக்குப் பேர் பொத்தான். மூன்று வயதில் ஒரு பொத்தானை விழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடாதவன்.

பெண்ணுக்குப் பேர் தபால். அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பாவின் வாய்.

வேலை செய்யும்போது அப்பாவின் வாயில் எப்போதும் ஆறேழு குண்டூசிகள் இருக்கும். குண்டூசியை வைத்துக்கொண்டு கத்த முடியாது. கத்தினாலும் மிஷின் சத்தத்தில் கேட்காது. அதனால் தம்பியிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டுக் காதில் சொல்லி அனுப்புவார். சித்தப்பாவும் பதிலை அவளிடமே கொடுத்தனுப்புவார். பகலில் அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது அவசரமில்லாத சேதிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். மாலை நாலரை மணிக்குப் பட்டுவாடா.

பத்தடி தூரத்துக்குத் தபால் வைத்துக்கொண்டிருந்த கடை உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது கொடிக்கு வருவோம்.

விழாக் குழு மூன்று துண்டு வெள்ளைத் துணி கொடுத்து, இணைத்து ஒரே கொடியாகத் தைத்துத் தரச் சொல்லியிருந்தது. அப்பா திங்கட்கிழமை தைத்து முடித்தார். செவ்வாய்க்கிழமை காலை சித்தப்பா இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடாக்கி, கொடியின் நட்டநடுவில் வைத்தார்.

‘ஸ்ஸ்ஸ்’ என்றது.

பெட்டியைத் தூக்கிப் பார்த்தால், கூடவே துணியும் வந்தது. கொடியில் ஒரு பெரிய ஓட்டை. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் தட்டை. இஸ்திரிப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

“நடுத்துண்டு கலப்புத் துணிடா! சூட்டைக் குறைச்சு வைன்னு நேத்தே சொல்லி அனுப்பினேனே!” என்று அப்பா கத்தினார்.

“எனக்கு ஒரு சேதியும் வரலை!” என்று சித்தப்பா கத்தினார்.

மேசைக்கு அடியில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் பையும் முதுகுமாக உட்கார்ந்திருந்த தபால் சட்டென்று நிமிர்ந்து மேசையில் தலையை இடித்துக்கொண்டாள்.

ஏனென்றால், இருவரும் சொன்னது உண்மை.

அப்பா சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை மாலை, ஊசிகளையெல்லாம் எடுத்துவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னார். தபாலும் கிளம்பினாள். மூன்று எட்டு வைத்தாள். அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தது.

“அக்கா, விழுந்துடுச்சு!” என்றான் பொத்தான். வாய் நிறையச் சிரிப்பு. சிரிப்பின் நடுவில் ஓர் இடைவெளி. உள்ளங்கையில் ஒரு பல்.

இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்த பல். தபால் உட்கார்ந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விழுந்த இடத்தில் நாக்கை விட்டால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். சேதி அங்கேயே எங்கோ விழுந்துவிட்டது.

இதைச் சொல்லிவிடலாம் என்று அவள் இப்போது வாயைத் திறந்தாள். அதற்குள் ‘பொய்யன்’ என்ற சொல் வந்துவிட்டது. ஓட்டையைப் பற்றி இருந்த சண்டை அப்படியே அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த நேரத்தில் ‘நான்தான்’ என்றால் இரண்டு பேருடைய கோபமும் சேர்ந்து தன் தலையில் விழும் என்று பயந்து, தபால் வாயை மூடிக்கொண்டாள்.

தபால் தவறியிருக்கலாம் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் தோன்றவே இல்லை. அது ஒருநாளும் தவறியதில்லை.

*

மாலை அவள் திரும்பி வந்தபோது, தையல் சாக்கட்டியால் கடைக்கு நடுவே ஒரு கோடு போட்டிருந்தார்கள். வாசல்படியில் ஆரம்பித்து, மேசை மேல் ஏறி இறங்கி, பின்சுவர் வரைக்கும் போயிருந்தது. மேசைக்கு அடியிலும் விடவில்லை. தலையணை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். பிஸ்கட் டப்பா அந்தப் பக்கம் போய்விட்டது.

“கோட்டைத் தாண்டக் கூடாதாம்” என்றான் பொத்தான் ரகசியக் குரலில். “கை மட்டும் தாண்டலாமாக்கா?”

“தெரியலையே. காத்து தாண்டுதே, அதை யாரும் ஒண்ணும் சொல்லலை.”

“அப்ப ஊதிப் பார்க்கிறேன்.” ஊதினான். பல் இல்லாத இடத்திலிருந்து விசில் வந்தது.

மேலே மாடியில், ஒரே சமையலறையில், அம்மாவும் சித்தியும் சேர்ந்துதான் சமைத்தார்கள். “கீழே எல்லை போட்டிருக்காங்களாம்” என்றாள் சித்தி. “போடட்டும். பசிச்சா ரெண்டும் ஒரே படியில்தானே ஏறி வரணும்” என்றாள் அம்மா. ஆனால் அண்ணன் சாப்பிட்டு இறங்கும்வரை தம்பி ஏறவில்லை. சோறு ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதாக வந்தவருக்கு ஆறிப்போயிருந்தது.

தெருவுக்கும் விஷயம் பரவியது. பால்காரர், “தைக்கிறவர் பக்கம்தான் நியாயம்” என்றார். செருப்பு தைப்பவர், “தேய்க்கிறவர் பாவம்” என்றார். அதோடு இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இத்தனைக்கும் இரண்டு பேருமே சட்டையே தைக்கக் கொடுத்ததில்லை, கடையில் வாங்கிப் போடுகிறவர்கள்.

கடை வேலையும் நின்றுபோனது. பாதி தைத்த சட்டைகள் எல்லையைத் தாண்ட முடியாமல் இந்தப் பக்கம் குவிந்தன. தெருவில் ஒரு சட்டையாவது கசங்காமல் நடமாடுகிறதா என்றால் இல்லை.

ஓடியது ஒன்றே ஒன்று, தபால். முன்னைவிட வேகமாக ஓடியது.

“இங்க வாம்மா” என்று புதன்கிழமை மாலை அப்பா கூப்பிட்டார். வாயில் ஊசியே இல்லை. குரலைத் தணிக்கவும் இல்லை. “உங்க சித்தப்பாகிட்ட போய்க் கேளு. அந்தப் பெட்டிக்கு இருக்கிற அறிவுல பாதியாவது அவனுக்கு இருக்கான்னு.”

தபால் பத்தடி நடந்தாள். நடக்கும்போதே சேதியைக் கொஞ்சம் இஸ்திரி போட்டாள்.

“சித்தப்பா, உங்க பெட்டி ரொம்ப அறிவான பெட்டின்னு அப்பா சொல்றாங்க.”

சித்தப்பா அவளைப் பார்த்தார். “எனக்குக் காது நல்லாவே கேக்கும்மா.”

“அப்ப நான் எதுக்கு சித்தப்பா நடுவுல?”

“அது…” சித்தப்பா தலையைச் சொறிந்தார். “நான் அவர்கூடப் பேசறதில்லை. அதான் முறை. நீ போய்ச் சொல்லு, பெட்டிக்கு அறிவு இருக்கு, அது பொய்யும் சொல்லாதுன்னு.”

“அதையும் அப்பா கேட்டுட்டாங்க சித்தப்பா.”

“பரவாயில்லை, போய்ச் சொல்லு.”

அவள் பத்தடி திரும்பி நடந்தாள். சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவின் காது சிவந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் சமாதானம் வந்து நின்றது.

அதாவது, விழாக் குழுத் தலைவர் வந்து நின்றார். பின்னால் செயலாளர். அவருக்குப் பின்னால் ஒரு போட்டோக்காரர்.

தலைவர் சாதாரணமாகப் பேசினாலே எதிரில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். அவர் தண்ணீர் கேட்டால்கூடச் சிலருக்குக் கைதட்டத் தோன்றும்.

“கொடி தயாரா?” என்றார்.

கொடி மடித்து மேசையின் நடுவில், கோட்டின் மேல் இருந்தது. ஓட்டை உள்பக்கம். தலைவர் கையை நீட்டினார். அதே நொடியில் இந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் முழங்கையும் அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பாவின் முழங்கையும் கொடியின் மேல் ஊன்றிக்கொண்டன.

“தயார்தான் ஐயா” என்றார் அப்பா.

“பிரிச்சா கசங்கிடும் ஐயா” என்றார் சித்தப்பா.

இரண்டு நாளில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. தபால் கவனித்துக்கொண்டாள்.

தலைவர் தரையைப் பார்த்தார். “என்ன கோடு இது?”

செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் பெரிதாகக் கவலைப்பட்டது.

“அண்ணன் தம்பிக்குள்ள சண்டையா! அதுவும் சமாதானக் கொடி தைக்கிற இடத்திலா! உலகம் என்ன நினைக்கும்?” கொஞ்சம் இடைவெளி விட்டார். யாரும் கைதட்டவில்லை. குரலை இறக்கினார். “இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் சண்டை வேண்டாம். சனிக்கிழமையிலிருந்து உங்க இஷ்டம். நான் குறுக்கே வரமாட்டேன்.”

“ஐயா, அவன் என்னைப் பொய்யன்னுட்டான்” என்றார் அப்பா.

“அவர்தான் ஐயா முதல்ல…” என்றார் சித்தப்பா.

“அதெல்லாம் சனிக்கிழமை. கையைக் குடுங்க. ரெண்டு பேரும். கோட்டுக்கு மேலேயே பிடிச்சுக்குங்க, போட்டோவுல நல்லா விழும்.”

பிடித்துக்கொண்டார்கள். போட்டோக்காரர், “இன்னும் கொஞ்சம் அன்பா” என்றார். பல்லைக் காட்டினார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

தலைவர் கிளம்பினார். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை இருவரும் கையைப் பிடித்தபடியே நின்றார்கள். பிறகு அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா கம்பளியில் துடைத்துக்கொண்டார்.

“இதுக்குப் பேர்தான் சமாதானமாக்கா?” என்று கேட்டான் பொத்தான்.

“இல்லை, போட்டோ” என்றாள் தபால்.

அன்று இரவு தபாலுக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டையைவிட அந்தச் சொல்தான் அவளைப் படுத்தியது. அப்பா பொய்யன் இல்லை. சித்தப்பா பொய்யன் இல்லை. அது ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

*

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு அவள் வந்தபோது, கடையில் ஒரு தச்சர் நின்றிருந்தார். காதில் பென்சில். தோளில் ரம்பம்.

“நடுவுல பலகைத் தடுப்பு வைக்கப் போறோம்” என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல். “கோட்டுக்கு மேலேயே. இனி அவன் கடை அவனுக்கு, என் கடை எனக்கு.”

“மேசை?” என்றாள் தபால்.

“மேசையை ரெண்டாக்கணும். வேற வழி?”

தச்சர் மேசையைத் தட்டிப் பார்த்தார். “நல்ல மரம். இந்தக் காலத்துல கிடைக்காது. ஆனா நீங்க சொன்னா வெட்டறேன். எங்க வெட்டணும்?”

அப்பா தன் அளவுநாடாவை வைத்தார். “இதோ, சரியா நடு.”

சித்தப்பா தச்சரிடம் சொன்னார்: “அவரோட நாடா இழுத்து இழுத்து நீண்டுபோனது. இதைப் பாருங்க.” தன்னுடைய நாடாவை வைத்தார். அவருடைய நடு, அரை அங்குலம் அந்தப் பக்கம் இருந்தது.

“அந்த நாடா சூட்டுல சுருங்கினது. கொடி ஓட்டையான மாதிரியே” என்றார் அப்பா, தச்சரிடம்.

“சுருங்கினது நாடா இல்லை, சிலர் மனசு” என்றார் சித்தப்பா, தச்சரிடம்.

தச்சர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் களைத்துப்போனார். “என்கிட்ட ஏங்க சொல்றீங்க? நான் இந்த வீட்டுக்கு இன்னிக்குத்தான் வந்தேன். அரை அங்குலத்தை விடுங்க, என் ரம்பமே கால் அங்குலத்தைச் சாப்பிட்டுடும். மீதிக் கால் அங்குலத்துக்கு ஒரு பஞ்சாயத்தா?”

கடைசியில் அப்பா நாடாவின் நடுவுக்கும் சித்தப்பா நாடாவின் நடுவுக்கும் நடுவே ஒரு நடுவைக் கண்டுபிடித்து, தச்சர் பென்சிலால் கோடு போட்டார்.

தபால் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

பொத்தான் மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்தான். ஆனால் சத்தம் வரவில்லை. மடியில் பிஸ்கட் டப்பா. அவளைப் பார்த்ததும் டப்பாவைத் திறந்து, பொத்தான்களுக்கு நடுவில் தேடி, எதையோ எடுத்தான்.

பல்.

“பெரியப்பாகிட்ட காட்டணும்னு வச்சிருந்தேன்” என்றான். “ஆனா அவர் அந்தப் பக்கம் இருக்கார்ல. நீ குடுத்துடறியாக்கா?”

மேலே ரம்பம் மரத்தில் உட்கார்ந்தது. ‘கர்ர்’ என்று ஒரு முறை இழுத்தது.

“நிறுத்துங்க!” என்று தபால் கத்தினாள்.

அவள் அவ்வளவு சத்தமாகக் கத்துவாள் என்று அவளுக்கே தெரியாது. ரம்பம் நின்றது. அவள் எழுந்து போய்க் கோட்டின் மேல் நின்றாள். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்.

“ஒரு சேதி பாக்கி இருக்கு” என்றாள். “மூணு நாள் ஆயிடுச்சு. இப்பக் குடுத்துடறேன்.”

“யாரோட சேதி?” என்றார் சித்தப்பா.

தபால் அவர் பக்கம் திரும்பி, எப்போதும் சொல்வது போலவே ஒப்பித்தாள்: “சித்தப்பா, அப்பா சொல்லச் சொன்னாங்க. நடுத்துண்டு மட்டும் கலப்புத் துணி. சூட்டைக் குறைச்சு வைக்கணுமாம்.”

தச்சர் ரம்பத்தை மரத்திலிருந்து எடுத்தார்.

“திங்கட்கிழமை சாயங்காலம் சொன்னாங்க. நான் கிளம்பினேன். வழியில இவன் பல் விழுந்துடுச்சு. பார்த்துக்கிட்டே மறந்துட்டேன்.” இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். “அப்பா சொன்னது நிஜம். சித்தப்பாவுக்கு வரலைங்கறதும் நிஜம். பொய்யன் யாருமே இல்லை. தெரிஞ்சும் சொல்லாம இருந்த நான்தான்…”

பொத்தான் மேசைக்கு அடியிலிருந்து சாட்சி சொன்னான்: “பல் என்கிட்டதான் இருக்கு.”

சித்தப்பா மெதுவாக நிமிர்ந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அண்ணனை நேராகப் பார்த்தார்.

“நிஜமாவே சொல்லி அனுப்பினியாண்ணா?”

“அதைத்தானே மூணு நாளா கத்தறேன்.”

“எனக்கு வரலைன்னுதானே நானும் கத்தறேன்.”

“ஆமா” என்றார் அப்பா. இரண்டு பேரும் சரி என்று முடிந்துபோனால், கத்துவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அது ஒரு பெரிய சங்கடம். கோபத்தை வேறு எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். அப்பா மகள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒரு சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க…”

“பிள்ளையை ஏண்ணா சொல்றே?” என்றார் சித்தப்பா. “பத்தடி தூரத்துக்குத் தபால் வச்சது யாரு? நாம ரெண்டு பேரும்தானே. எழுந்து வந்திருக்கலாம்ல நீ?”

“நீ வந்து கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்.”

“வந்திருக்கலாம்.”

தச்சர் தொண்டையைக் கனைத்தார். “அப்ப வெட்டவா, வேண்டாமா? எனக்கு அடுத்த தெருவுல ஒரு கதவு வேலை இருக்கு.”

“வேண்டாம்” என்றார்கள் இருவரும்.

“டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார் அப்பா. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “நீயும் குடிக்கிறியா?” என்றார்.

அது தன்னைத்தான் என்று சித்தப்பாவுக்குப் புரிந்தது. “சூடா இருந்தா குடிக்கிறேன். மூணு நாளா எல்லாம் ஆறித்தான் கிடைக்குது” என்றார்.

மன்னிப்பு அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. பெரியவர்கள் அதற்குமேல் கேட்பதற்குக் கூச்சப்படுவார்கள்.

தபால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் வேலையை விட்டுட்டேன். இனிமே சேதி கொண்டுபோக மாட்டேன். அவங்கவங்க சேதியை அவங்கவங்களே கொண்டுபோகணும்” என்றாள்.

“குண்டூசி?” என்றார் அப்பா.

“எடுத்துட்டுப் பேசுங்கப்பா. எனக்குச் சொல்றதுக்கு எடுக்கலையா?”

பொத்தான் வெளியே வந்து பல்லை நீட்டினான். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் காட்டி, மறுபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “முதல் தரம்” என்றார்.

*

எல்லாம் சரி. கொடியில் ஓட்டை அப்படியே இருந்தது. விடிந்தால் உலக சமாதானம்.

வெள்ளைத் துணி கடையில் ஒரு முழம்கூட இல்லை. துணிக்கடை பூட்டியாயிற்று. நான்கு பேரும் ஓட்டையைச் சுற்றி நின்றார்கள்.

“மறைக்கணும்னா வெள்ளை வேணும்” என்றார் அப்பா.

“ஏன் மறைக்கணும்?” என்றாள் தபால். “என் பாவாடை கிழிஞ்சப்ப ஒட்டுப் போட்டீங்களே. எல்லாரும் பூ நல்லா இருக்குன்னாங்க. இதுக்கும் போட்டுடலாம்.”

வெட்டுத் துணியில் தேடினார்கள். பொத்தானுக்குச் சிவப்பு பிடித்திருந்தது, ஆனால் உள்ளங்கை அளவுதான் இருந்தது. யாரோ ஜன்னல் திரைக்குக் கொடுத்ததில் மிஞ்சிய நீலம் மட்டும்தான் போதுமான அளவு.

“வடிவம்?” என்றார் அப்பா.

சித்தப்பா ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நீலத் துணியின் மேல் வைத்து, சுற்றிச் சாக்கட்டியால் வரைந்தார். ஓரத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக விட்டார். “இந்தா, அந்த அரை அங்குலம்” என்றார். அப்பா மூக்கால் சிரித்தார்.

அப்பா வெட்டினார். ஓரத்தை மடித்துத் தேய்க்க, துணி மேசை மேல் வழுக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் போனது. வழியில் சாக்கட்டிக் கோடு இருந்தது. துணி அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

“சூடு எவ்வளவுண்ணா?” என்று சித்தப்பா கேட்டார்.

அப்பா வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எழுந்தார். பத்தடி நடந்து போய், தம்பி பக்கத்தில் நின்று, “கம்மி” என்று சொல்லிவிட்டு, பத்தடி திரும்பி வந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய உலக சமாதானம் பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது. முன்வரிசை நாற்காலி யாருக்கு என்பதில் ஒரு சின்னத் தகராறு.

கயிற்றை இழுத்தார்கள். வெள்ளைக் கொடி விரிந்தது. நட்டநடுவில் பெரிய நீல ஒட்டு. காற்றில் அது பளிச்சென்று தெரிந்தது.

கூட்டத்தில் சத்தம் அடங்கியது. தலைவர் மேடையில் நின்று நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியாததைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பழக்கம்தான். மைக்கைப் பிடித்தார்.

“அன்பர்களே! இதோ, அலைகடல் நடுவே அசையாமல் செல்லும் சமாதானப் படகு!”

பலத்த கைதட்டல். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து, சிறப்பு விருந்தினர் வந்தார். நாலு மாலை போட்டிருந்தார். “தலைவர் மன்னிக்கணும். அது படகு இல்லை. இலை. சமாதானத்தின் பச்சை இலை.”

“நீலமாத்தானே இருக்கு?” என்றார் தலைவர், மைக்குக்குக் குறுக்கே.

“படகு மட்டும் செங்குத்தாவா போகும்?” என்றார் விருந்தினர்.

செயலாளர் இருவருக்கும் நடுவே தலையை நுழைத்தார். “சண்டை வேண்டாம். அது மழைத்துளி. துணி வாங்கினது நான். எனக்குத் தெரியும்.”

“நான் தலைவர். நான் படகுன்னா படகு!”

“விருந்துக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தறீங்களா?”

மைக்கை மூன்று பேரும் பிடித்து இழுத்தார்கள். மைக் ‘கீஈஈ’ என்று அழுதது. கீழே கூட்டத்திலும் கட்சி பிரிந்துவிட்டது. பால்காரர் படகு என்றார். செருப்பு தைப்பவர் இலை என்றார். ஒரு குழந்தை, “ராக்கெட்!” என்று கத்தியது. “சமாதானக் கொடியில யாராவது ராக்கெட் வைப்பாங்களா?” என்று அதன் அம்மா வாயைப் பொத்தினாள். போட்டோக்காரர் எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் வானத்தை எடுத்தார்.

கடைசியில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. “தைச்சவங்களையே கேட்டுடலாம்! எங்கே அவங்க? மேடைக்கு வாங்க!”

“நீ போடா” என்றார் அப்பா.

“நீதானே தைச்சே, நீ போண்ணா” என்றார் சித்தப்பா.

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தபாலைப் பார்த்தார்கள்.

“நான் வேலையை விட்டுட்டேன்” என்றாள் தபால்.

“ஒரே ஒரு சேதி” என்றார் அப்பா.

“கடைசித் தபால்” என்றார் சித்தப்பா.

தபால் மேடையைப் பார்த்தாள். மூன்று பெரியவர்கள் ஒரு மைக்கை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் சந்தைத் திடலுக்கும் நடுவில் கோடு போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. படியேறினாள்.

தலைவர் குனிந்து மைக்கை அவள் வாயருகே வைத்தார். திடல் முழுக்க அமைதியாயிற்று.

“பாப்பா, பயப்படாம சொல்லு. உலகத்துக்கே கேட்கட்டும். அந்தக் கொடியில் இருப்பது என்ன?”

“இஸ்திரிப் பெட்டி ஐயா” என்றாள் தபால். “சூடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”